கையொப்பமிட்ட அணுகல் டோக்கன்களைச் சர்வரில் சரிபார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து இராமேஸ்வரம் வழியாக மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் படகுக் கணக்கு, ஏலக் கணக்கு, ஐஸ், டீசல் வரவுசெலவு ஆகியவற்றுக்காகச் செயலி எழுதும் இளைஞர்களை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. விளக்கம் தெளிவாக அமையப் பக்கம் முழுவதும் ஒரே அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு மீனவர் சங்கத்தில் உறுப்பினரின் அடையாளத்தைச் சோதித்து டோக்கன் வழங்கும் உள்நுழைவுச் சர்வர் ஒன்றும், அந்த டோக்கனைப் பார்த்து எடையையும் விலையையும் பதியும் கணக்குச் சர்வர் ஒன்றும், ஜெட்டியில் எடைத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கணினியும் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒருமுறை கடலுக்குப் போய் வந்ததில் கிடைத்த இறாலின் எடையை யார் பதிந்தார், யார் திருத்தினார் என்பதைச் சர்வர் இந்த டோக்கனைக் கொண்டே முடிவு செய்கிறது. ஆகவே சரிபார்ப்பில் காட்டும் அலட்சியம் படகில் போனவர்களின் பங்குப் பணத்தில்தான் போய் விழும்.

அணுகல் டோக்கனில் உண்மையில் என்ன இருக்கிறது?

நடைமுறையில் மிகப் பரவலாக உள்ளது ஜேசன் வெப் டோக்கன், சுருக்கமாக ஜெ.டபிள்யூ.டி.; இதன் வரையறை 2015 மே மாதம் ஆர்.எஃப்.சி. 7519 என்ற ஆவணமாக வெளியானது (ஆர்.எஃப்.சி. என்பவை இணையத் தொழில்நுட்ப வரையறைகளை வெளியிடும் எண்ணிட்ட ஆவணங்கள்). நாம் இங்கே பார்க்கும் கையொப்பமிட்ட வடிவத்தில் புள்ளிகளால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது தலைப்பு; எந்த அல்காரிதத்தால் கையொப்பமிடப்பட்டது, எந்தச் சாவியால் என்பவை அதில் இருக்கும். இரண்டாவது உள்ளடக்கம், யார் வழங்கியது, யாரைக் குறிக்கிறது, எந்தச் சர்வருக்கானது, எப்போது காலாவதியாகும் என்பவை அதில் இருக்கும். மூன்றாவது கையொப்பம். முதல் இரண்டும், தரவைப் பெயர்-மதிப்பு இணைகளாக எழுதும் ஜேசன் வடிவத் துண்டுகளை, இணைய முகவரியிலும் செல்லக்கூடிய எழுத்துகளாக மாற்றும் பேஸ்64யூஆர்எல் முறையில் எழுதியவையே. அந்த ஜேசன் துண்டுகள் ‘{’ என்ற நெளிவு அடைப்புக்குறியிலும் அதையடுத்து மேற்கோள் குறியிலும் தொடங்குவதால், ஏறக்குறைய எல்லா டோக்கன்களும் இ, ஒய், ஜெ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்குவதைக் காணலாம்.

இந்த எழுத்து மாற்றம் எதையும் மறைப்பதில்லை. டோக்கனைக் கையில் வைத்திருக்கும் எவரும் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவற்றை அதில் வைக்கவே கூடாது.

கடலுக்குப் போகும் முன் மீன்துறையில் வாங்கும் டோக்கனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

தொழில்நுட்பத்தில் தொடர்பு இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். இராமேஸ்வரத்தில் விசைப்படகுக்குக் கொடுக்கப்படும் அனுமதி டோக்கன் வழங்கும் அதிகாரம் உள்ள அலுவலகத்திடமிருந்து, அந்தப் படகுக்கு, அந்தப் பயணத்துக்கு மட்டும் கிடைப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் அது கிடைக்காது. வழங்கியவர் யார், யாருக்கு, எதற்கு, எதுவரை என்ற அதே நான்கு கேள்விகளைத்தான் சர்வரும் கேட்க வேண்டும்.

டோக்கனைப் பிரித்தால் உறுப்பினர் எண் தெரிகிறது. அதை எடுத்துக்கொண்டு மேலே போவதில் என்ன தவறு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். டோக்கனைப் பிரித்துப் படிப்பது வேறு, சரிபார்ப்பது வேறு. பெரும்பாலான லைப்ரரிகளில் இவை இரண்டுக்கும் தனித்தனிச் செயல்கூறுகள் உண்டு. பிரித்துப் படிக்கும் செயல்கூறு சாவியைக் கேட்காது; எந்த டோக்கனைக் கொடுத்தாலும் பிழையில்லாமல் விடை தரும். அதனால்தான் அவசரத்தில் அது நிரலுக்குள் நுழைந்துவிடுகிறது. பரிசோதனையின்போது எல்லாம் ஒழுங்காக ஓடும், ஏனெனில் நாம் அனுப்புவது நல்ல டோக்கன்கள்தாம்.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். தன் டோக்கனைப் பிரித்து, 417 என்ற உறுப்பினர் எண்ணை 1 என்று மாற்றி, மறுபடி பேஸ்64யூஆர்எல் முறையில் எழுதி அனுப்புவதற்கு ஐந்து நிமிடம் போதும். கையொப்பம் பொருந்தாதுதான், ஆனால் அதை யாரும் சோதிக்கவில்லையே. டோக்கன் தன்னைப் பற்றிச் சொல்லும் எதையும், கையொப்பம் சரிபார்க்கப்படும் வரை, முன்பின் தெரியாத ஒருவர் எழுதி அனுப்பிய வெற்று எழுத்தாகவே சர்வர் கருத வேண்டும். செயலிக்குள் சரிபார்த்துவிட்டோம் என்பதும் விடையாகாது; செயலி பயனரின் கையில் இருப்பது, அதைத் தவிர்த்துவிட்டு நேராகச் சர்வருக்குக் கோரிக்கை அனுப்ப எவராலும் முடியும்.

அப்படியானால் சரிபார்ப்பு எந்த வரிசையில் நடக்க வேண்டும்?

முதலில் டோக்கனின் நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, மூன்று பகுதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, தலைப்பில் உள்ள அல்காரிதம் நீங்கள் முன்கூட்டியே நிர்ணயித்ததுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிறகு, உங்கள் சர்வரிடம் ஏற்கெனவே உள்ள நம்பகமான சாவிகளிலிருந்து உரியதை எடுத்துக் கையொப்பத்தைச் சோதியுங்கள். வந்து சேர்ந்த எழுத்துகளின் மீதே, ஓர் எழுத்தும் மாறாமல், இந்தச் சோதனை நடக்க வேண்டும். ஜேசனைப் பிரித்து மீண்டும் கோத்து அதன்மீது சோதித்தால் இடைவெளியும் வரிசையும் மாறி, நல்ல டோக்கனும் தோற்றுப்போகும். கையொப்பம் பொருந்திய பின்னரே வழங்கியவர் யார், நமக்காக வழங்கப்பட்டதா, காலம் செல்லுமா என்ற சோதனைகள். இவை எல்லாம் கடந்த பிறகு, கேட்கப்படும் செயலுக்கு அனுமதி உண்டா என்ற கேள்வி.

இவற்றை நீங்களே எழுத முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பலரால் பயன்படுத்தப்பட்டு, தொடர்ந்து பராமரிக்கப்படும் லைப்ரரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் அமைப்புகளைக் கவனமாக நிரப்புவதே நம் வேலை.

அல்காரிதத்தின் பெயர் தலைப்பிலேயே இருக்கும்போது நாம் ஏன் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்?

ஏனெனில் அந்தத் தலைப்பை எழுதுபவர் தாக்குபவராகவும் இருக்கலாம். ஜெ.டபிள்யூ.டி. வரையறையில் ‘நன்’ என்றொரு அல்காரிதம் உண்டு. கையொப்பமே இல்லை என்பது அதன் பொருள். சில லைப்ரரிகள் தலைப்பில் அந்தப் பெயரைக் கண்டதும் சோதனை எதுவும் செய்யாமல் டோக்கனை ஏற்றுக்கொண்டன. இதையும் இதைவிட நுட்பமான இன்னொரு ஓட்டையையும் 2015-இல் டிம் மெக்லீன் வெளிப்படுத்தினார்.

அந்த இரண்டாவது ஓட்டையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. ஆர்.எஸ். 256 முறையில் உள்நுழைவுச் சர்வர் தனிச் சாவியால் கையொப்பமிடும். மற்றவர்கள் பொதுச் சாவியால் சோதிப்பார்கள். பொதுச் சாவி ஊரறிந்தது. எச்.எஸ். 256 முறையிலோ கையொப்பமிடவும் சோதிக்கவும் ஒரே இரகசியச் சாவிதான். கணக்குச் சர்வரின் நிரல், ‘இந்த டோக்கனை இந்தச் சாவியால் சோதி’ என்று மட்டும் சொல்லி, முறையைத் தலைப்பிடம் விட்டுவிடுகிறது என்று வையுங்கள். தாக்குபவர் தலைப்பில் எச்.எஸ். 256 என்று எழுதி, எல்லோருக்கும் கிடைக்கும் பொதுச் சாவியின் எழுத்துகளையே இரகசியச் சாவியாகக் கொண்டு கையொப்பமிட்டு அனுப்புகிறார். சர்வரும் அதே எழுத்துகளைச் சாவியாக எடுத்து, தலைப்பு சொன்ன முறையில் கணக்கிட்டு, பொருந்திவிட்டது என்று கதவைத் திறந்துவிடுகிறது. கணிதத்தில் எந்தப் பழுதும் இல்லை. எந்த முறையில் சோதிப்பது என்ற முடிவைச் சோதிக்கப்படும் பொருளிடமே ஒப்படைத்ததுதான் பழுது.

2020 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 8725, ஏற்கத்தக்க அல்காரிதங்களை அழைக்கும் நிரலே வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்றும், ஒரு சாவி ஒரே அல்காரிதத்துக்கு மட்டும் பயன்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இரண்டையும் கடைப்பிடித்தால் மேற்சொன்ன ஓட்டை அடைபடும்.

எங்கள் சங்கத்துக்கு எந்த அல்காரிதம் பொருத்தம்?

டோக்கனை வழங்குவதும் சோதிப்பதும் ஒரே சர்வர் என்றால் எச்.எஸ். 256 போதும். நம் எடுத்துக்காட்டைப் போல வழங்குவது ஒன்றும் சோதிப்பது பலவும் என்றால் அது கூடாது. ஜெட்டியில் திறந்த கொட்டகையில் இருக்கும் சிறு கணினியில் இரகசியச் சாவியை வைத்தால், அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் எந்த உறுப்பினரின் பெயரிலும் டோக்கன் தயாரித்துக்கொள்ளலாம். பொதுச் சாவி மட்டும் இருந்தால் அவரால் சோதிக்க மட்டுமே முடியும். ஆர்.எஸ். 256, அதைப் போலவே தனிச் சாவியும் பொதுச் சாவியும் கொண்ட இ.எஸ். 256 இரண்டும் நல்லவை. கையொப்பத்தின் நீளம் மட்டும் வேறுபடும்: 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. சாவி என்றால் 342 எழுத்து, இ.எஸ். 256 என்றால் 86 எழுத்து. சிக்னல் மெலிந்த இடங்களில் ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும் சுமை என்பதால் நான் பின்னதையே பரிந்துரைக்கிறேன்.

எந்த முறையானாலும் மென்பொருளைப் புதுப்பித்து வைப்பது கட்டாயம். ஜாவா 15 முதல் 18 வரையிலான பதிப்புகளில், இ.எஸ். 256-க்கு அடிப்படையான இ.சி.டி.எஸ்.ஏ. முறையில், கையொப்பத்தின் இரு எண்களும் பூஜ்யமாக உள்ள வெற்றுக் கையொப்பத்தைச் சரியென்று ஏற்கும் பிழை இருந்தது. நீல் மேடன் கண்டறிந்த அந்தப் பிழைக்கு 2022 ஏப்ரலில்தான் திருத்தம் வந்தது. நிரல் எழுதியவர் எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தும் அடித்தளம் கைவிட்ட நிகழ்வு அது.

இரகசியச் சாவியாக ஒரு நல்ல கடவுச்சொல்லை வைக்கலாமா?

வைக்கக் கூடாது. எச்.எஸ். 256-க்குச் சாவி குறைந்தது 256 பிட், அதாவது 32 பைட் இருக்க வேண்டும் என்பது ஆர்.எஃப்.சி. 7518-இன் விதி. ஒரே ஒரு டோக்கன் கையில் கிடைத்தாலும், சர்வரைத் தொடாமலே தன் கணினியில் கோடிக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தாக்குபவரால் முடியும். ஊர்ப்பெயரும் சில எண்களும் சேர்ந்த சாவி நிற்காது. தற்போக்காக உருவாக்கிய 32 பைட்டைச் சாவியாக எடுத்து, நிரலோடு சேர்த்துக் கிட் களஞ்சியத்தில் ஏற்றாமல் தனியாக வைத்திருங்கள்.

நேரச் சோதனையில் அடிக்கடி சிக்கல் வருகிறதே?

காலாவதி நேரம் ‘எக்ஸ்ப்’ என்ற புலத்தில், 1970 ஜனவரி 1 உலக நேரம் நள்ளிரவிலிருந்து கடந்த வினாடிகளின் எண்ணாக இருக்கும். எடுத்துக்காட்டாக 1735689600 என்பது 2025 ஜனவரி 1 உலக நேரம் நள்ளிரவு. நமக்கு அன்று காலை 5.30. இங்கே இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் நேரத்தை மில்லிவினாடியில் தருவதால், ஆயிரத்தால் வகுக்காமல் எழுதிவிட்டால் டோக்கன் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால்தான் காலாவதியாகும். இந்திய நேரத்தை உலக நேரம் என்று தவறாகக் கொண்டு கணக்கிட்டால், 15 நிமிட டோக்கன் 5 மணி 45 நிமிடம் உயிரோடு இருக்கும். இரண்டு பிழைகளிலும் செயலி தடையின்றி ஓடும். ஆகையால் புகார் எதுவும் வராது. தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

கடற்கரைக்கே உரிய மூன்றாவது சிக்கல் ஒன்றுண்டு. ஜெட்டியில் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியை வைக்கிறீர்கள். 4 வரையிலான மாதிரிகளில் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்தடை நீங்கி அது எழுந்திருக்கும்போது, கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இணையம் கிடைத்து நேரம் சரியாகும் வரை கடந்த காலத்திலேயே இருக்கும். அந்த இடைவெளியில் காலாவதியான டோக்கனை ஏற்றுக்கொள்ளும். இப்போது வழங்கப்பட்ட டோக்கனை ‘இன்னும் நேரம் வரவில்லை’ என்று தள்ளிவிடவும் கூடும். நேரம் ஒத்திசைந்த பிறகே சரிபார்ப்புச் சேவை தொடங்கும்படி அமையுங்கள், டி.எஸ். 3231 போன்ற பட்டன் பேட்டரிக் கடிகாரத் தொகுதி ஒன்றைப் பொருத்திவிடுவது இன்னும் நல்லது. சலுகை நேரத்தைக் கூட்டி இதைச் சமாளிக்க முயலாதீர்கள். சர்வர்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாட்டுக்கு 30 முதல் 60 வினாடி சலுகை போதும்.

கையொப்பம் சரி, காலமும் சரி. வேறென்ன சோதிக்க வேண்டும்?

வழங்கியவரையும் பெறுநரையும். ஒரே உள்நுழைவுச் சர்வர் ஐஸ் கணக்குக்கும் ஏலக் கணக்குக்கும் டோக்கன் வழங்கினால், இரண்டிலும் கையொப்பம் ஒன்றே. பெறுநரைக் குறிக்கும் ‘ஆட்’ புலத்தைச் சோதிக்காவிட்டால், ஐஸ் கணக்குக்காக வாங்கிய டோக்கனைக் கொண்டு ஏல விலையைத் திருத்த வழி பிறக்கும். அணுகல் டோக்கனுக்கான தனி வரைவான ஆர்.எஃப்.சி. 9068, 2021 அக்டோபரில் வந்தது. அது இந்தப் புலத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பயனரின் பெயரைச் செயலிக்கு அறிவிக்கும் அடையாள டோக்கனை அணுகல் டோக்கனாக ஏற்றுவிடாதபடி, தலைப்பில் வகையையும் குறிக்கச் சொல்கிறது.

சாவியை மாற்றும்போது உறுப்பினர்கள் எல்லோரும் வெளியே தள்ளப்படாமல் இருக்க என்ன செய்வது?

உள்நுழைவுச் சர்வர் தன் பொதுச் சாவிகளை ஒரு பட்டியலாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளத்தோடு, நிலையான முகவரி ஒன்றில் வெளியிட வேண்டும். புதிய சாவியை முதலில் பட்டியலில் சேருங்கள். மற்ற சர்வர்கள் அதை எடுத்துக்கொள்ளப் போதிய நேரம் விட்டு, அதன் பின்னரே அதனால் கையொப்பமிடத் தொடங்குங்கள். பழைய சாவியால் வழங்கிய கடைசி டோக்கன் காலாவதியான பிறகு பழையதை நீக்குங்கள். சாவி களவுபோய்விட்டது என்றால் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. உடனே நீக்கிவிட வேண்டும், எல்லோரும் மறுபடி உள்நுழைய நேர்ந்தாலும் சரி.

கணக்குச் சர்வர் இந்தப் பட்டியலை ஒவ்வொரு கோரிக்கைக்கும் போய் எடுக்காமல், நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தெரியாத அடையாளம் வந்தால் ஒருமுறை புதுப்பிக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு வரம்பு வேண்டும், இல்லையேல் பொய் அடையாளங்களை வரிசையாக அனுப்பியே உள்நுழைவுச் சர்வரைத் திணறடித்துவிடுவார்கள். சாவியை எங்கிருந்து எடுப்பது என்ற முகவரியைத் தலைப்பே சொல்லும் வசதியும் வரையறையில் உண்டு. அதைச் சர்வர் பொருட்படுத்தவே கூடாது. சாவியின் அடையாளத்தைக் கோப்பின் பெயராகவோ தரவுத்தள வினவலுக்குள்ளோ அப்படியே ஒட்டுவதும் ஆபத்து.

படகு கடலில் இருக்கும்போது டோக்கன் காலாவதியாகிவிடுகிறது. ஆயுளை இரண்டு நாளாக்கிவிடலாமா?

வேண்டாம். கரையை விட்டு விலகியதும் சிக்னல் போய்விடும், மாலையில் போன படகு மறுநாள்தான் திரும்பும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் சிக்னல் இல்லாத நேரத்தில் டோக்கனுக்கு வேலையே இல்லை. கடலில் எழுதும் பதிவுகள் கைபேசியிலேயே வரிசையில் காத்திருக்கட்டும். கரையை நெருங்கிச் சிக்னல் கிடைத்ததும் செயலி, உள்நுழைவின்போதே பெற்ற நீண்ட ஆயுளுள்ள புதுப்பிப்பு டோக்கனை உள்நுழைவுச் சர்வரிடம் கொடுத்துப் புதிய அணுகல் டோக்கன் ஒன்றைப் பெற்று, பிறகு அவற்றை அனுப்பட்டும். அணுகல் டோக்கனின் ஆயுள் 10 அல்லது 15 நிமிடமே இருக்கலாம். புதுப்பிப்பு டோக்கனைக் கைபேசியின் பாதுகாப்பான சேமிப்பில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதை மாற்றிக் கொடுங்கள். பழையது மீண்டும் வந்தால், எங்கோ நகல் எடுக்கப்பட்டுள்ளது என்று கருதி அந்தத் தொடரையே முடக்கிவிடுங்கள்.

புயல் நாளில் ஜெட்டியில் இணையமே இல்லை. அப்போது சரிபார்க்க முடியுமா?

முடியும். பொதுச் சாவியும் சரியான கடிகாரமும் இருந்தால் சிறு கணினி யாரையும் கேட்காமலே சரிபார்க்கும். கையொப்பமிட்ட டோக்கனின் பெரும் பலம் இதுதான். டோக்கனைக் கொண்டுவரும் கைபேசியிடம் காலம் கடக்காத டோக்கன் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ஒருவரை உடனடியாக நீக்க வேண்டுமென்றால்?

மேலே சொன்ன பலத்துக்குக் கொடுக்கும் விலை இது. வழங்கிய டோக்கன் காலாவதியாகும் வரை தானாகச் சாகாது. குறுகிய ஆயுள் இருந்தால் புதுப்பிப்பை மறுத்தாலே 15 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பெரும்பாலான கணக்குகளுக்கு அது போதும். பணப் பட்டுவாடா போன்ற செயல்களுக்கு மட்டும், முடக்கிய டோக்கன் எண்களின் பட்டியலையோ, 2015-இன் ஆர்.எஃப்.சி. 7662 கூறும் முறைப்படி உள்நுழைவுச் சர்வரையோ ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

டோக்கன் செல்லும் என்றாலே கேட்டதைக் கொடுத்துவிடலாமா?

கூடாது. டோக்கன் சொல்வது ‘இவர் இன்னார்’ என்பதையும் பொதுவான அனுமதியையும் மட்டுமே. 417-ஆம் உறுப்பினர், 88-ஆம் எண் படகின் சங்காயம் (மலிவு விலைக் கழிவு மீன்) எடையைத் திருத்தக் கேட்டால், அந்தப் படகு அவருடையதுதானா என்பதை உங்கள் தரவுத்தளம்தான் சொல்ல வேண்டும். டோக்கன் இல்லை அல்லது செல்லாது என்றால் சர்வர் தர வேண்டிய பதில் எண் 401. டோக்கன் செல்லும், ஆனால் அனுமதி இல்லை என்றால் 403. எந்தச் சோதனையில் தோற்றது என்ற விவரத்தைச் சர்வரின் பதிவேட்டில் எழுதுங்கள், வெளியே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பதிவேட்டில் டோக்கனின் எண்ணும் சாவியின் அடையாளமும் போதும். முழு டோக்கனை ஒருபோதும் எழுதக் கூடாது. முகவரிக் கோட்டில் டோக்கனை அனுப்பினாலும் அது பதிவேடுகளில் போய்ச் சேரும், ஆகவே கோரிக்கையின் ஆத்தரைசேஷன் தலைப்பில், எச்.டி.டி.பி.எஸ். வழியாக மட்டுமே அனுப்புங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று எப்படிச் சோதிப்பது?

நல்ல டோக்கன் ஏற்கப்படுகிறதா என்று பார்ப்பது சோதனையின் சிறு பகுதிதான். கெட்ட டோக்கன்களை நீங்களே செய்து அனுப்புங்கள்: காலாவதியானது, ஐஸ் கணக்குக்கானது, ‘நன்’ என்று தலைப்பு மாற்றியது, பொதுச் சாவியால் எச்.எஸ். 256 கையொப்பமிட்டது, வேறொரு சாவியால் கையொப்பமிட்டது, உள்ளடக்கத்தில் ஓர் எண் மாறியது, கையொப்பமே இல்லாதது. ஒவ்வொன்றுக்கும் 401 வர வேண்டும்.

கையொப்பத்தில் ஓர் எழுத்தை மாற்றிச் சோதிக்கும்போது கடைசி எழுத்தைத் தொடாதீர்கள். எச்.எஸ். 256 கையொப்பம் 256 பிட். அதை எழுதும் 43 எழுத்துகளில் 258 பிட்டுக்கு இடம் உண்டு. கடைசி எழுத்தின் இறுதி இரண்டு பிட்டுகளைப் பல லைப்ரரிகள் பொருட்படுத்துவதில்லை என்பதால், அந்த எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் மாறாமல் இருந்துவிடலாம்; சோதனை சில நாள் தேறும், சில நாள் தவறும், காரணம் புரியாது. நடுவில் உள்ள ஓர் எழுத்தை மாற்றினால் விடை எப்போதும் ஒன்றாகவே இருக்கும். லைப்ரரியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனைகள் தானாக ஓடும்படி அமைத்துவிடுங்கள்.